லெஷான் பெரிய புத்தர்: ஒரு முழு நாளை எப்படி அடுக்குவது?

சீனாவின் சிச்சுவான் மாகாணத்துப் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் லெஷான் புத்தரை அரை நாள் வேலையாக முடித்துவிடுவார்கள். காலையில் மாகாணத் தலைநகரான செங்டுவில் பாண்டா, மத்தியானம் ரயில், படகில் ஒரு சுற்று, புத்தரை உள்ளங்கையில் ஏந்துவது மாதிரி ஒரு போட்டோ, ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பவும் செங்டு. பார்த்தாயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். 71 மீட்டர் உயரத்துக்கு மலையோடு மலையாக உட்கார்ந்திருப்பவரை ஒரே இடத்தில் நின்று பார்க்கவே முடியாது. தலைப்பக்கம் நின்றால் பாதம் தெரியாது. பாதத்தருகே நின்றால் முகம் சரியாகத் தெரியாது. ஆற்றிலிருந்து முழு உருவமும் தெரியும், ஆனால் அளவு உறைக்காது. மூன்று இடங்களிலும் நின்று பார்க்க ஒரு முழுப் பகல் வேண்டும். அதற்கு முந்தின இரவே லெஷானில் தங்கிவிட வேண்டும். இந்த வழிகாட்டி அந்த ஒரு நாளுக்கானது.

போகும் முன்: யாரைப் பார்க்கப் போகிறோம்?

லெஷான் ஊரருகே மூன்று ஆறுகள் கூடுகின்றன: மின், தாதூ, சிங்யீ. தாதூவும் சிங்யீயும் சேர்ந்து வந்து மின் ஆற்றில் மோதும் இடத்தில், எதிர்க்கரையில் லிங்யுன் மலையின் செம்மணற்பாறைச் சரிவு. சுழலும் வேகமும் சேர்ந்து அந்த இடத்தில் படகுகள் அடிக்கடி கவிழ்ந்தன. ஆற்றின் சீற்றத்தை அடக்க மலையிலேயே ஒரு புத்தரைக் குடைவது என்று ஹைதோங் என்ற துறவி முடிவெடுத்தார். வேலை 713இல், டாங் வம்சக் காலத்தில் தொடங்கியது.

ஹைதோங் பல வருடம் ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டினார். அதில் பங்கு கேட்டு ஓர் அதிகாரி மிரட்டியபோது, "என் கண்ணை வேண்டுமானால் எடுத்துக்கொள், புத்தர் காசில் கை வைக்காதே" என்று சொல்லித் தன் கண்ணையே தோண்டிக் கொடுத்தார் என்பது கதை. நடந்ததோ இல்லையோ, லெஷானில் எல்லா வழிகாட்டிகளும் முதலில் சொல்வது இதைத்தான். சிலை முடியும் முன்பே அவர் இறந்துவிட, வேலை நின்றது. பிறகு ஜாங்சோ ஜியான்சியோங் என்ற அதிகாரியின் ஆதரவில் சீடர்கள் தொடர்ந்தார்கள். அவர் தலைநகருக்கு மாற்றலாகிப் போனதும் பணம் வற்றி மறுபடி நின்றது. கடைசியில் வெய் காவ் என்ற ஆளுநர் 803இல் முடித்துவைத்தார். மொத்தம் 90 வருடம். வெய் காவ் எழுதிவைத்த கல்வெட்டு புத்தரின் வலப்பக்கப் பாறைச் சுவரில் இருக்கிறது, எழுத்துகள் நிறையத் தேய்ந்துபோய்.

இவர் கௌதம புத்தர் இல்லை. இனி வரப்போகும் புத்தரான மைத்ரேயர். காலை மடித்துப் பத்மாசனத்தில் உட்காராமல், நாற்காலியில் அமர்ந்தவர் போல இரண்டு காலையும் தொங்கவிட்டு, கைகளை முழங்கால்மேல் வைத்திருக்கிறார். அந்தக் காலத்து மைத்ரேயருக்கு அதுதான் இருக்கை. நம்மூர்க் கடைகளில் கல்லாப்பெட்டி மேல் தொந்தியோடு உட்கார்ந்திருக்கும் 'சிரிக்கும் புத்தரும்' மைத்ரேயரின் வடிவம்தான். புதாய் என்ற 10ஆம் நூற்றாண்டுத் துறவியை மைத்ரேயரின் அவதாரமாகக் கொண்டாடத் தொடங்கிய பிறகு வந்த உருவம் அது. லெஷான் அதற்கு முந்தியது, அதனால்தான் இங்கே தொந்தியும் இல்லை, சிரிப்பும் இல்லை.

படி 1: காகிதம், காசு, போன்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு சீன விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு இருந்தால் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். கிளம்பும் முன் விதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டு, ரயில் டிக்கெட், ஹோட்டல் எல்லாமே கடவுச்சீட்டு எண்ணோடு பதிவாகும். அசல் கடவுச்சீட்டு கையிலேயே இருக்கட்டும். நகல் எடுபடாது.

காசுக்கு அலிபே, வீசாட் இரண்டையும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே போனில் ஏற்றி, விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணைத்துவிடுங்கள். அங்கே போய்ச் செய்துகொள்ளலாம் என்று விட்டால் ஓடிபி வராமல் திண்டாட வேண்டியிருக்கும். கொஞ்சம் யுவான் நோட்டும் வேண்டும். கூகுள், வாட்ஸ்அப் உள்ளூர் இணையத்தில் வேலை செய்யாது. நம்மூர் சிம்மில் ரோமிங் போட்டால் பெரும்பாலும் வேலை செய்யும். ஹோட்டல் பெயரையும் சிலையின் பெயரையும் சீன எழுத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால் டாக்சிக்காரரிடம் அதைக் காட்டினாலே போதும்.

படி 2: எப்போது போவது

மார்ச் முதல் மே வரை, இல்லையென்றால் செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் வரை. ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலம். ஆறு பொங்கினால் படகை நிறுத்திவிடுவார்கள். 2020 ஆகஸ்ட் 18 அன்று வெள்ளம் புத்தரின் கால்விரல்களைத் தொட்டது. 1949க்குப் பிறகு அதுதான் முதல்முறை. குளிர்காலத்தில் கூட்டம் குறைவு, ஆனால் மூடுபனியில் முகமே தெரியாத நாள்கள் உண்டு.

மே முதல் வாரம், அக்டோபர் முதல் வாரம், சீனப் புத்தாண்டு இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு தவிர்த்துவிடுங்கள். அந்த நாள்களில் பாதத்துக்கு இறங்கும் வரிசையிலேயே மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும். சாதாரண வாரத்தில் செவ்வாய், புதன், வியாழன் நல்லது.

படி 3: செங்டுவிலிருந்து லெஷான்

செங்டுவிலிருந்து அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இரண்டாம் வகுப்பு சுமார் 50 முதல் 60 யுவான். வழியில் மெய்ஷான் வரும், அது கவிஞர் சூ டோங்போவின் சொந்த ஊர். லிங்யுன் மலைமேல் அவர் பெயரில் ஒரு மண்டபமும் உண்டு.

மாலை ரயிலில் போய் இறங்குங்கள். லெஷான் ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருக்கிறது. நகரப் பேருந்து உண்டு. டாக்சியில் போனால் அரை மணி நேரத்தில் மையப்பகுதி. ஸ்டேஷன் வாசலிலேயே 'டிக்கெட், படகு, கார் எல்லாம் சேர்த்து' என்று மடக்குகிறவர்கள் இருப்பார்கள். ஒன்றும் வேண்டாம். தங்குவதற்கு ஆற்றங்கரைப் பழைய நகரப் பகுதி நல்லது. வெளிநாட்டவரை ஏற்கிற ஹோட்டல்தானா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

படி 4: காலை, தலையிலிருந்து பாதம் வரை

கோடையில் காலை ஏழரைக்கும் குளிர்காலத்தில் எட்டு மணிக்கும் கதவு திறக்கும். திறக்கும்போதே வாசலில் நிற்க வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரியை மட்டும் கடைப்பிடிப்பதானால் அது இதுவாக இருக்கட்டும். செங்டுவிலிருந்து வரும் சுற்றுலாப் பேருந்துகள் பத்து மணிக்கு மேல்தான் ஆளை இறக்கும். நுழைவுச்சீட்டு 80 யுவான், படகுக்குத் தனிச்சீட்டு.

வடக்கு வாசல் வழியே ஏறுங்கள். பாறையில் வெட்டிய பழைய எழுத்துகள், பாசி படர்ந்த படிகள், இருபது முப்பது நிமிட ஏற்றம், பிறகு லிங்யுன் கோயில். கோயிலைத் திரும்பி வந்து பார்க்கலாம் என்று ஒத்திவைத்துவிட்டு நேரே புத்தரின் தலைப்பக்க மேடைக்குப் போங்கள். கைப்பிடிச் சுவரருகே போய் நின்றால் பக்கத்தில் புத்தரின் காது. ஒரு காது மட்டும் ஏழு மீட்டர். தலையின் உயரம் ஏறக்குறைய 15 மீட்டர். தலைமுடிச் சுருள்கள் ஆயிரத்துக்கு மேல். ஒவ்வொன்றையும் தனிக்கல்லில் செதுக்கிப் பதித்திருக்கிறார்கள். சுருள்களுக்கு இடையே புல்லும் பாசியும் முளைத்திருக்கும். வேலையாட்கள் அவ்வப்போது கயிற்றில் தொங்கி அவற்றைப் பிடுங்குவார்கள்.

எல்லோரும் செல்ஃபிக்கு முண்டியடிக்கும் அந்த இடத்தில் கொஞ்சம் ஒதுங்கி நின்று கவனிக்க வேண்டியது வடிகால். இந்தச் சிலையை நான் மற்ற எதையும்விட உயர்வாக வைப்பது இதற்காகத்தான். மணற்பாறை தண்ணீர் குடிக்கும் கல். மழை அதிகம் பெய்யும் மண்ணில் திறந்தவெளியில் அதை விட்டால் சில நூறு வருடத்தில் மூக்கும் உதடும் கரைந்து போயிருக்க வேண்டும். செதுக்கியவர்களுக்கு அது தெரிந்திருந்தது. சுருள் வரிசைகளில் நான்காவது, ஒன்பதாவது, பதினெட்டாவது வரிசைகளுக்குப் பின்னால் குறுக்குவாய்க்கால் வெட்டி மறைத்திருக்கிறார்கள். கீழிருந்து பார்த்தால் அது வெறும் முடிதான். தலையில் விழும் மழைநீர் அதில் ஓடி இரண்டு பக்கமும் வழிந்து, கழுத்துப்பட்டை மடிப்பிலும் அங்கியின் மடிப்புகளிலும் இறங்குகிறது. அங்கி மடிப்பு என்று நாம் அழகு பார்ப்பது முக்கால்வாசி சாக்கடை வேலை. காதுகளுக்குப் பின்னாலும் மார்புக்குப் பின்னாலும் பாறைக்குள் குடைந்த வழிகள் இருக்கின்றன. மலையிலிருந்து ஊறிவரும் நீர் சிலையைத் தொடும் முன் வெளியேற. மழை பெய்து ஓய்ந்த பிறகு போக வாய்த்தால், எந்தக் கோடு ஈரமாகக் கறுத்திருக்கிறது என்று பாருங்கள், வாய்க்கால் போகும் தடம் அப்படியே தெரியும்.

முதலில் இவருக்கு வண்ணமும் பொன்பூச்சும் இருந்தன. மேலே பல அடுக்கு மரமண்டபம் கட்டி முழு உருவத்தையும் மூடியிருந்தார்கள். பின்னால் வந்த போர்களில் அது அழிந்தது. உத்தரங்களைச் செருகிய சதுரக் குழிகள் பாறையில் இன்னும் தெரிகின்றன. 1962இல் பழுதுபார்த்தபோது மார்பில் மூடிவைத்த ஓர் அறை கிடைத்தது. உள்ளே பழைய இரும்பும் ஈயமும் செங்கல்லும்தான். அறையின் வாயை அடைத்திருந்த கல், சோங் வம்சக் காலத்தில் மண்டபத்தைப் புதுப்பித்ததைச் சொல்லும் உடைந்த கல்வெட்டு. அந்தரங்கப் பொக்கிஷம் எதுவும் இருந்திருந்தால் எவனோ எப்போதோ அடித்துக்கொண்டு போயிருக்கிறான். கடைசிப் பெரிய பழுது 2018 அக்டோபரிலிருந்து 2019 வசந்தம் வரை, தலையையும் மார்பையும் சாரம் கட்டி மூடி நடந்தது.

இனி இறக்கம். புத்தரின் வலப்பக்கம் பாறையை ஒட்டி வளைந்து வளைந்து இறங்கும் 'ஒன்பது வளைவுப் பாதை'. ஒருவழி. ஓரிடத்தில் இரண்டு பேர் தோளோடு தோள் நிற்க முடியாத குறுகல். படிகள் செங்குத்து, வெளிப்பக்கம் கைப்பிடி. முழங்கால் வலி, தலைசுற்றல் உள்ளவர்கள் இறங்கவே வேண்டாம். பாதி வழியில் மனம் மாறினால் திரும்ப வழி இல்லை, பின்னால் வரிசை நிற்கும். லிஃப்டும் கிடையாது. பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள் அவர்களை மலையேற்றாமல் படகுக்கு மட்டும் கூட்டிப் போவது நல்லது.

இறங்கும்போது உட்பக்கச் சுவரைப் பாருங்கள். சின்னச் சின்ன மாடங்களில் டாங் காலத்து உருவங்கள். பலவற்றுக்கு முகமே இல்லை, தோளும் ஆடை மடிப்பும்தான் மிச்சம். அதே கல், அதே மழை. இவற்றுக்கு வடிகால் இல்லை.

கீழே போனதும் பாதம். ஒரு பாதத்தின் அகலம் எட்டரை மீட்டர், நூறு பேர் உட்காரலாம் என்பார்கள். மேலே ஏற விடமாட்டார்கள். அண்ணாந்து பார்த்தால் முழங்கால், அதற்கு மேல் கைவிரல்கள், அதற்கு மேல் எங்கோ தாடை. முதுகுப் பக்கம் ஆறு, சில அடி தூரத்தில். பாறையை வெட்டிய கல்லெல்லாம் ஆற்றில் கொட்டியதால் சுழல் மட்டுப்பட்டது என்பது வழிவழியாகச் சொல்லிவரும் கணக்கு. புத்தர் அடக்கினாரோ கற்குவியல் அடக்கியதோ, படகுக்காரர்களுக்கு லாபம்தான்.

படி 5: மாஹாவ், யாரும் நிற்காத இடம்

பாதத்திலிருந்து மறுபக்கப் பாறையோரப் பாதை வழியே வெளியேறி, வூயோ கோயிலுக்கான பலகையைப் பின்பற்றுங்கள். வழியில் மாஹாவ் பாறைக் கல்லறைகள். கூட்டம் இதைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் நில்லுங்கள்.

கிழக்கு ஹான் காலத்தில் செல்வர்கள் மலைச்சரிவைக் குடைந்து தங்களுக்கு வீடு மாதிரியே கல்லறை கட்டிக்கொண்டார்கள். இங்கே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. முதல் கல்லறையைத்தான் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். சுவரில் அன்றாடக் காட்சிகள், சின் அரசனைக் கொல்லப் பாய்ந்த ஜிங் கேயின் கதை. அவற்றோடு ஒரு வாசல் நிலைக்கு மேலே, ஒன்றரை அடிகூட இல்லாத புத்தர் உருவம். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், வலக்கை அபயம், இடக்கையில் ஆடை நுனி. 2ஆம் நூற்றாண்டு. சீனாவில் கிடைத்த மிகப் பழைய புத்த உருவங்களில் ஒன்று இது. கோயில் கட்டி வணங்கிய சாமி மாதிரித் தெரியவில்லை; செத்தவருக்குக் காவலாக, மற்ற நல்ல சகுனங்களோடு சேர்த்துச் செதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பெரியவரைப் பார்த்த கையோடு இதைப் பார்த்தால், நடுவே போன 500, 600 வருடத்தில் இந்த மதம் இங்கே எவ்வளவு ஊன்றிவிட்டது என்பது புரியும்.

படி 6: வூயோ கோயிலும் மதியச் சாப்பாடும்

நடைபாலத்தைத் தாண்டினால் வூயோ மலை, ஆற்றில் நிற்கும் தனித்தீவு. வெள்ளத்தைப் பிரித்துவிட லீ பிங் என்ற சின் காலத்து நீர்ப்பாசன அதிகாரி வெட்டிய கால்வாய்தான் இதை லிங்யுன் மலையிலிருந்து பிரித்தது என்பார்கள். மேலே கோயில் அமைதியாக, மரநிழலோடு இருக்கும். ஒருமணி நேரம் போதும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு சிச்சுவானில் நிம்மதியான இடம் கோயில் உணவகம்தான். வெளியே 'காய்' என்று சொல்லி வாங்கும் தட்டிலும் பன்றிக்கொழுப்போ மாட்டெலும்புச் சாறோ இருக்க வாய்ப்பு அதிகம். கோயில் சாப்பாட்டில் இறைச்சி கிடையாது, வெங்காயம் பூண்டுகூட வழக்கமாகச் சேர்ப்பதில்லை. மதியம் தாமதமானால் தீர்ந்துவிடும், பன்னிரண்டு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள்.

தெற்கு வாசல் பக்கம் 'கிழக்குப் புத்த நகரம்' என்று புதிதாகக் கட்டிய நகல் சிலைகளின் பூங்கா ஒன்று, தனிச்சீட்டோடு. நேரம் மிஞ்சினால்கூட நான் அங்கே போகச் சொல்லமாட்டேன்.

படி 7: மாலைப் படகு

புத்தர் மேற்கு பார்த்தவர். காலையில் முகம் நிழலில் கிடக்கும், பிற்பகலில்தான் வெயில் நேரே விழும். அதனால்தான் படகைக் கடைசிக்கு வைத்தேன். மூன்று மணிக்குள் படகுத்துறைக்குப் போய்விடுங்கள். சீட்டு 70 யுவான் அளவில். படகு கரை ஒதுங்காது. சிலைக்கு நேரே சில நிமிடம் நிற்கும், எல்லோரும் ஒரே பக்கம் பாய்வார்கள். முதலில் போட்டோ எடுக்க இடம் கிடைக்கவில்லை என்றால் பதற வேண்டாம், பெரும்பாலும் திருப்பி மறுபக்கத்தையும் காட்டுவார்கள்.

இங்கிருந்து மட்டுமே தெரிகிற இரண்டு விஷயம். சிலையின் இருபுறமும் பாறையில் நிற்கும் காவல் தெய்வங்கள், ஒவ்வொன்றும் பத்து மீட்டருக்கு மேல். மலைமேலிருந்து கண்ணில் படவே படாது. இன்னொன்று 'படுத்திருக்கும் புத்தர்': தள்ளி வந்து பார்த்தால் வூயோ, லிங்யுன், குய்செங் மலைகள் சேர்ந்து மல்லாந்து படுத்த ஓர் ஆள் மாதிரி இருக்கும், வூயோதான் தலை. 1989இல் ஒரு பயணி தன் புகைப்படத்தில் கவனித்த பிறகுதான் இது பேச்சானது. எனக்குத் தலை தெரிந்தது, மற்றதை நம்பிக்கொண்டேன்.

காலையில் நீங்கள் இறங்கிய வளைவுப் பாதையில் மனிதர்கள் இப்போது எறும்பு வரிசையாகத் தெரிவார்கள். அளவு உறைப்பது அப்போதுதான். படகில் மட்டும் வந்தவர்களுக்கு அது வெறும் பெரிய சிலை.

ராத்திரிச் சாப்பாடு, மறுநாள்

சாங்கொங்சியாவ் சாப்பாட்டுத் தெருவுக்குப் போங்கள். சிச்சுவான்காரர்களே சாப்பிடுவதற்கென்று லெஷானுக்கு வருவார்கள். இனிப்புத்தோல் வாத்து, மூலிகைச் சாறில் வேகவைத்த மாட்டிறைச்சி, குச்சியில் கோத்துக் குளிர்ந்த மிளகாய் எண்ணெயில் ஊறவிட்ட பொபோஜி. பொபோஜியில் காய், தாமரைக்கிழங்கு, டோஃபு குச்சிகளும் உண்டு, ஆனால் எல்லாம் ஒரே சட்டியில்தான் ஊறும், பெரும்பாலும் கோழிச்சாறு. மிளகாய்க் காரம் நமக்குப் பழக்கம். சிச்சுவான் மிளகின் மரமரப்பு பழக்கமில்லை. நாக்கு தடித்த மாதிரி ஆனால் பயப்பட வேண்டாம், கால் மணியில் சரியாகும்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் ஏமெய் மலை. ரயிலில் அடுத்த நிறுத்தம் மாதிரிதான், கால் மணி நேரம். லெஷான் புத்தரும் ஏமெயும் சேர்ந்தே 1996இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானவை. 3,000 மீட்டருக்கு மேல் இருக்கும் பொன்னுச்சிக்குப் பேருந்தும் கேபிள் காரும் உண்டு. லெஷானில் வேர்த்து வழிந்தாலும் உச்சியில் குளிர் வெடவெடக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே வாடகைக்கும் கோட் தருவார்கள். வழியில் குரங்குகள் பையைப் பறிக்கும். பிஸ்கட் பாக்கெட்டை வெளியே எடுக்காதீர்கள்.